சிமெண்டுத் தரையில் நின்ற வரிசை

தோட்ட நடைக்கு வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். வெயில் அடிக்குமா, அட்டை கடிக்குமா, சாப்பாட்டில் சைவம் உண்டா. இன்று காலை வாட்சப்பில் ஓர் அம்மையார் நேராக விஷயத்துக்கே வந்துவிட்டார்: “அங்க டாய்லெட் இருக்கா சார்?” பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். மற்ற கேள்விகளுக்கு எரிச்சல் மட்டும்தான் வரும். இதற்கு அதோடு வேறொன்றும் வருகிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

அருங்காட்சியக ஆர்வலர் குழுவுக்காக மூன்று வருடமாக, பழைய தோட்டங்களைச் சுற்றிக் காட்டிப் பேசிக்கொண்டே நடக்கிறேன். நடை முடிகிற இடம், புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டி, ஆறு வயதுவரை நான் இருந்த ரப்பர்த் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஒரு நீளமான சிமெண்டுத் தரை. மழை விட்டதும் அதன் பாசியிலிருந்து ஒரு வாடை கிளம்பும். அது மூக்கில் ஏறினால் அப்பா வந்துவிடுவார்: இருட்டு விலகாத காலை, அவர் கையில் வாளி, முன்னும் பின்னும் ஆட்கள், யாரோ “சீக்கிரம்லா” என்று அதட்டுகிற குரல். அடுத்த வருடம் அவர் இல்லை. அவரைப் பற்றி எனக்கிருக்கும் ஒரே ஞாபகம் இதுதான்.

வாளி, வரிசை, அதட்டல். வேறென்னவாக இருக்க முடியும்? பெரட்டுக்களம்தான், மேற்பார்வை மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் இடம் என்று முடிவுகட்டினேன். வருகிறவர்களைத் தொப்பி கழற்றி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வேன். என் உருக்கத்தில் கரைந்த தோட்ட நிர்வாகி, மறுநடவில் அந்தத் தரையை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்தார். அங்கே வைக்கப்போகும் நினைவுப் பலகைக்கு வாசகம் எழுதும் வேலையைக் குழு என் தலையில் கட்டியது.

சில மாதங்களுக்கு முன் சரோஜா அக்கா நடைக்கு வந்தார். லயத்தில் அடுத்த வீடு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ரவாங் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மௌனத்தின் நடுவில் என் சட்டையை இழுத்தார்.

“இங்க எதுக்கு தம்பி எல்லாரும் நிக்கிறாங்க?”

“பெரட்டுக்களம்க்கா.”

“அது கிராணி ஆபீஸ் முன்னாடிலா. இது கக்கூசு.”

“அப்பா பால் வாளியோட நின்னாரே.”

“தண்ணி வாளிப்பா. உங்கப்பா உள்ள போனா லேசுல வரமாட்டாரு. எங்கப்பாதான் கத்துவாரு, சீக்கிரம்லா, அங்க மண்டோரு பேரு கூப்பிட்டுருவான்னு.”

தொப்பியை நெஞ்சில் வைத்தபடி பதினெட்டுப் பேர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“சொல்லித் தொலைச்சிராத. இது ஒண்ணுதான் மிச்சம்.”

கேட்டேனா? படித்தவனாயிற்றே. உண்மை இல்லாமல் வரலாறு ஏது என்று ஊர் ஊராகப் பேசுகிறவன் வேறு. அன்று மாலையே குழுவுக்கு எழுதினேன். “கக்கூசுக்கு எப்படிங்க போர்டு வைக்கிறது?” என்றார் செயலாளர். நிர்வாகிக்கும் நேர்மையாகத் தெரிவித்தார்கள். இரண்டே வாரத்தில் புல்டோசர் வந்தது. நிஜப் பெரட்டுக்களத்தில் எப்போதோ நட்ட செம்பனை காய்த்துத் தள்ளுகிறது.

போன வாரம் மழை விட்டதும் தனியாகப் போய்ப் பார்த்தேன். தரை இருந்த இடத்தில் முழங்கால் உயரக் கன்றுகள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து முகர்ந்தேன். உர வாடைதான். அப்பா வரவில்லை.

போனை நிமிர்த்தி அம்மையாருக்கு ‘இருந்தது’ என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, ‘இல்லை’ என்று அனுப்பினேன்.