786-உம் ஐந்து பேரும்

ஒரே ஒரு பேப்பருக்காக ஒரு பெண் பதினாறு வருஷம் மனசுக்குள் புழுங்குவாளா என்று யாராவது கேட்டால், அவர் வாழ்க்கையில் அரியர் வைக்காத ஆள் என்று அர்த்தம். மாஜிதாவிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல மாட்டாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே சலித்துவிட்டது.

தென்காசிக்காரி. பி.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கும்போதே மன்சூருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் பாஸ், சி புரோகிராமிங் லேப் மட்டும் ஊத்திக்கொண்டது. மறுபடியும் ஒரு தடவை எழுதினாள், அதுவும் போச்சு. பிறகு பிள்ளைகள் வந்தார்கள், மன்சூர் சார்ஜாவுக்குப் போனான், மாமியார் ஹாஜரா பீவிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அரியரை யார் நினைக்கிறார்கள்? ஆய்க்குடி போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் டீச்சராகப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் சோறு வேகிறதே அந்தச் சம்பளத்தில்தான். மன்சூர் வேலை பார்த்த கடையை இழுத்து மூடப் போகிறார்களாம். "ஒன் வேலைய மட்டும் விட்டுராத புள்ள" என்று போனில் அவன் சொல்லும்போது குரலே சரியில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தாளாளர் கூப்பிட்டுச் சொன்னார். "டிகிரி சர்ட்டிபிகேட் இல்லாம இனிமே வச்சுக்கிட முடியாது டீச்சர். இந்த வருஷத்துக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம்." பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசி வாய்ப்பு ஒன்று அறிவித்திருந்தது. கடைசி என்றால் கடைசிதான், இதற்கு மேல் கிடையாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பரீட்சை அன்று காலையில் மாமியாரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுக் கிளம்பினாள். ஹாஜரா பீவி படுத்தபடியே கூப்பிட்டாள்.

"ஏட்டி, மேல 786 போட்டு எழுதணும், என்ன? மறந்துராத."

"மறக்க மாட்டேன் மாமி."

மறப்பாளா? ஒண்ணாம் வகுப்பு சிலேட்டிலிருந்து அவள் எழுதின எந்தப் பக்கமும் 786 இல்லாமல் தொடங்கியதில்லை. பிஸ்மியை எண்ணாக எழுதுவதுதானே 786, பலசரக்குச் சிட்டைக்குக்கூட அது உண்டு. பிஸ்மி சொல்லாமல் சோற்றில் கை வைப்பதில்லையே, அது மாதிரி கை தானாகப் போட்டுவிடும்.

குற்றாலம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. சாரல் காலம். தோளில் துண்டும் தலையில் வழிய வழிய எண்ணெயுமாக ஊரே அருவிக்குப் போகிறது. இவர்கள் நடுவே ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாஜிதா நின்றாள். பக்கத்திலேயே குடியிருந்தும் அருவியில் தலை நனைத்துப் பல வருஷமாகிவிட்டது. குளிக்கிறவன் குளிக்கட்டும், நமக்கு விதிச்சது பஸ் கம்பி என்று நினைத்துக்கொண்டாள்.

பழைய கல்லூரி, பழைய லேப். கம்ப்யூட்டர் மட்டும் புதுசு. மேற்பார்வைக்கு நின்றவளைப் பார்த்ததும் மாஜிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். அனுசியா! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், இன்று இங்கேயே லெக்சரர்.

"ஏட்டி மாஜி, நீயா!" என்று கையைப் பிடித்தாள் அனுசியா. அதற்குள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கைலாசம் சார் திரும்பிப் பார்க்கவும், கையை விட்டுவிட்டு நகர்ந்துபோனாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

சீட்டுக் குலுக்கி எடுத்ததில் மாஜிதாவுக்கு வந்ததோ அதே கேள்வி. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளைக் கவிழ்த்ததே இதுதான். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஐந்து மாணவர்களின் எண், பெயர், மார்க்கை ஒரு ஃபைலில் தட்டி வைக்க வேண்டும். புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வாசித்து, முதல் மார்க் யார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு அனுசியாவும் அவளும் ஒரே நோட்டைப் பார்த்து, ஒரு கமா பிசகாமல் அந்தப் புரோகிராமை உருப்போட்டு வந்தார்கள். அனுசியாவின் கம்ப்யூட்டர் ஒழுங்காகப் பெயரைச் சொன்னது. இவளுடையதோ, பெயர் வர வேண்டிய இடத்தில் 101 என்றது, மார்க் சைபர் என்றது. "பேரக் கேட்டா நம்பரச் சொல்லுதே, ஒன் புரோகிராமுக்கும் ஒன்ன மாதிரிதான் மண்டையோ?" என்று அன்றைய தேர்வாளர் கேட்க, லேப் மொத்தமும் சிரித்தது. அதே புரோகிராம் அவளுக்கு ஓடியது, எனக்கு ஓடவில்லை என்றால் என்ன அர்த்தம்? எனக்கு ராசியில்லை, மண்டையில் சரக்கும் இல்லை. அன்று இப்படி முடிவு கட்டியவள்தான், அதற்குப் பிறகு அந்த முடிவை எடுத்துப் பார்க்கவே இல்லை.

இந்தத் தடவை உருப்போடவில்லை, புரிந்துகொண்டு வந்திருந்தாள். ஆளுக்கு ஒன்றாக ஐந்து தூக்குச் சட்டிகளை வரிசையாக வைத்த மாதிரி. ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு: எண்ணுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று, மார்க்குக்கு ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது. ஃபைலில் அடுத்து எது வருகிறதோ அதை அடுத்த அடுக்கில் ஊற்றிக்கொண்டே போகும். முதலில் ஃபைலைத் தட்டினாள், பிறகு புரோகிராமைத் தட்டினாள், நிதானமாக இரண்டு தடவை சரிபார்த்தாள். மனசுக்குள் பிஸ்மி சொல்லி ஓடவிட்டாள்.

பெயர்: 101. மார்க்: 0.

அதே 101! பதினாறு வருஷமாக அந்த நம்பர் அந்தத் திரைக்குள்ளேயே இவளுக்காகக் காத்துக் கிடந்ததா? புரோகிராமை மறுபடி வரி வரியாகப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. மறுபடி ஓடவிட்டாள். மறுபடி 101. அனுசியா பின்னால் வந்து ஒரு நொடி நின்றாள். அவள் வாய் திறக்கக் கூடாது, இவள் கேட்கக் கூடாது. அவள் போன பிறகு மாஜிதாவுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. நாளைக்குத் தாளாளர் முகத்தில் எப்படி விழிப்பது, மன்சூரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. போதும் அல்லாவே, போதும்.

போவதற்கு முன்னால், எந்தச் சட்டியில் என்னதான் கிடக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவோமே என்று, முதல் சட்டியில் இருப்பதைக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். காட்டியது.

786. 101. 0.

பிறகு ஃபைலைத் திறந்தாள். ஐந்து பேருக்கும் மேலே, உச்சியில், அவள் கை போட்டிருந்தது 786. புரோகிராமின் தலையில் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்று கைக்குப் பழகியிருந்தது, ஃபைலில் தடுக்க ஆளில்லை. எத்தனை தடவை அந்தப் பக்கம் கண் போயிருக்கும்! அவளுக்கு அது ஒரு வரியாகவே தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது. முதல் மாணவனின் எண் என்று 786-ஐ ஊற்றிவிட்டது. அவன் எண்ணான 101 பெயர் அடுக்கில் போய் விழுந்தது. அவன் பெயர் மார்க் அடுக்கில் போய் முட்டி, அதோடு எல்லாமே நின்றுவிட்டது.

அன்றைக்கும் இதுதான். அனுசியாவும் பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி போடாமல் எழுதமாட்டாள். ஆனால் அந்த இங்கிலீஷ் கீபோர்டில் சுழிக்கு எழுத்து கிடையாது. 786-க்கு மூன்று எண்களுமே அதில் உண்டு.

அழித்துவிட்டால் போதும், ஒரு நொடி வேலை. விரல் அந்தக் கீ வரைக்கும் போய் நின்றுவிட்டது. அவளால் அதை அழிக்க முடியவில்லை. ஃபைலைத் திறந்ததும் முதல் எண்ணைத் தனியாக வாசித்து எடுத்து வைத்துக்கொள், அதன் பிறகு சட்டிகளை நிரப்பு என்று புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். ஓடவிட்டாள்.

பெயர்: ராபியா. மார்க்: 92.

கைலாசம் சார் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இந்த வரி எதுக்கும்மா? கேள்வியில இல்லையே."

"ஃபைல்ல மொதல்ல அது நிக்கு சார். அதத் தனியா வாசிச்சு வச்சுட்டுத்தான் ஆளுகள வாசிக்கணும்."

அவர் ஃபைலைத் திறந்து பார்த்தார். "ஓகோ. வேண்டாத வரிய அழிச்சுட்டுப் போகாம இவ்ளோ சுத்தி வளச்சிருக்கியா?"

"அது வேண்டாத வரி இல்ல சார்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைலாசம் சார் கையிலிருந்த மார்க் தாளைக் குனிந்து பார்த்தார். அதன் உச்சியில் காலையில் அவரே போட்ட பிள்ளையார் சுழி இருந்தது.

"இல்லதான்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அனுசியா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "பாஸுட்டி! நான் பாத்துட்டேன்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஏட்டி, அன்னைக்கும் அதத்தான் போட்டிருந்தியா?"

"போடாம இருப்பனா?"

"அடிப்பாவி! அப்ப அன்னைக்கும் ஒன் புரோகிராம் சரியாத்தான இருந்துச்சு!"

மாஜிதா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மண்டையில் சரக்கில்லை என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டு கழித்த வருஷங்களை இனி யார் வந்து திருப்பித் தருவார்கள்? பாஸான சந்தோஷத்தைவிட அந்த ஆத்திரம்தான் பெரிசாக இருந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? நானே பார்த்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வரும்போது உடம்பில் ஒரு துளி சத்து இல்லை. செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து ஹாஜரா பீவி கேட்டாள்.

"என்னட்டி ஆச்சு?"

"பாஸு மாமி."

"அல்ஹம்துலில்லாஹ்! மேல 786 போட்டியா?"

மாஜிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"போட்டேன் மாமி."

"பாத்தியா? நான் சொன்னம்லா! அதாம் பாஸாக்கி விட்டிருக்கு. அந்தக் காலத்துலேயும் ஒழுங்காப் போட்டிருந்தா அப்பமே பாஸாயிருப்ப."

"ஆமா மாமி" என்று சொல்லிவிட்டு, மாஜிதா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.