சுண்ணாம்புக்காரியின் தம்பி

நாங்கள் தம்பி வழி. அக்காவுக்குப் பிள்ளையில்லை. தம்பியின் மகள், அவள் மகன், அவனுக்கு மகள் என்று இறங்கி வந்தால் விரல் போதாது. கடைசியில் என் அம்மாவைப் பெற்றவளிடம் வந்து நிற்கும்.

கோட்டை மதில் எழும்பிய காலம். மதிலுக்குச் சுண்ணாம்புக் கல் சுட்டுக் கொடுத்தவள் அக்கா. அவள் கொட்டகை மதிலை ஒட்டி இருந்தது. பின்கதவு திறந்தால் நேரே ஊருக்குள் போய்விடலாம். தம்பி ஓடக்காரன். சூளைப் பக்கமே வரமாட்டான், தும்மல் வருமாம்.

ஒரு மழைக் காலையில் கொள்ளைக் கூட்டம் அவன் ஓடத்தைப் பறித்து ஆற்றைக் கடந்தது. கூட இருந்த துடுப்புக்காரனை வெட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, தம்பியின் கழுத்தில் கத்தி வைத்து இழுத்து வந்தார்கள்.

"கதவைத் திறடி. இல்லன்னா இவன் தலை உன் மடியில விழும்," என்றான் தலைவன்.

"உள்ள காவக்காரன் இருக்கான். நான் கூப்பிட்டாத்தான் திறப்பான், உங்களப் பாத்தா திறப்பானா? அந்தக் குழியில இறங்கிப் பதுங்குங்க. அதுக்கு முன்னால தம்பிக்கு எண்ணெய் தேச்சு விடறேன், குளிர்ல நடுங்கறான்."

"புது மாப்பிள்ளையா இவன்? தேய்டி, பளபளன்னு சாகட்டும்!" கூட்டம் சிரித்தது.

"ஏக்கா, கழுத்துல கத்தி இருக்கு, உனக்கு எண்ணெயா?"

"வாய மூடுடா, எருமை."

சூளைக்காரர்கள் எண்ணெய் பூசாமல் சுட்ட கல்லைத் தொடமாட்டார்கள்; ஈர உடம்பில் பட்டால் தோலை உரித்துவிடும். குழி நிறைய அந்தக் கல்தான். நனைந்த துணியோடு எல்லோரும் இறங்கினார்கள், எண்ணெய் வழியும் தம்பியைப் பிடித்தபடி தலைவனும்.

அக்கா கதவருகே போய், குழிக்கு மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் அடைப்பை உதைத்துத் திறந்தாள். குழி உலையாகக் கொதித்தது. விளிம்பைப் பிடித்து ஏறியவன் ஒருவனுக்குக் கைத்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. தம்பியின் முடியைப் பற்றி இழுத்தாள். தலைவன் அவன் காலை விடவில்லை. மண்வெட்டியால் மணிக்கட்டில் போட்டாள். துண்டாகவில்லை. துண்டாகும்வரை போட்டாள்.

தம்பியின் உயிர் தப்பியது, கண் தப்பவில்லை. கல்லில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே சூளையில் எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை. இவன் ஓடக்காரன் அல்லவா, தண்ணீர் எங்கே வருகிறது என்று அகலத் திறந்து பார்த்துவிட்டான்.

அதன்பிறகு அவளை அவன் அக்கா என்று கூப்பிடவே இல்லை. அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் அவள்தான். அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுக் கோட்டை வாசலில் போய் உட்காருவான்.

"இது என்ன ஊருங்க?" என்று வழிப்போக்கர்கள் கேட்பார்கள்.

"சுண்ணாம்புக்காரி ஊரு!" என்று காறித் துப்புவான்.

அவர்கள் எச்சிலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.