முட்டை தொடாத மாவுக்கட்டு

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் கண்ணாத்தாளைத் தெரியாதவர் இல்லை. அன்னவாசல் மூக்கனின் மூத்த மகள். அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கை வேகம், வாய் அதைவிட வேகம். அறுபத்தொரு வயதிலும் அவள் ஒரு தட்டுத் தட்டினால் பருப்பு முழுசாக வந்து விழும்.

அப்படிப்பட்டவள் விழுந்தது மரத்திலிருந்தா, மச்சிலிருந்தா? காயப்போட்ட சேலையை மென்ற ஆட்டை விரட்டப் போய், வாசலிலேயே சறுக்கி வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. ஆடு சேலையோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் சந்தோஷ்குமாரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தம்பி, ஏழு வாரத்துல எங்கூர் அம்மனுக்கு மது எடுப்புத் திருவிழா. அதுக்குள்ள கை கூடிருமா?”

வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அந்த வீட்டு மதுக்குடம் அவள் தலையில்தான் போகிறது. குடம் நிறைய நெல், மேலே தென்னம்பாளை. வலது கையால் பிடித்தபடி அம்மன் கோயில்வரை நடக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நெல்கூடச் சிந்தியதில்லை.

“எலும்பு மெலிஞ்சிருக்கும்மா. எலும்புக்குள்ள அரிக்கிற செல்லும் இருக்கு, கட்டுற செல்லும் இருக்கு. மாதவிலக்கு நின்ன பெறகு அரிக்கிறதுக்குக் கை ஓங்கிரும். ஒடிஞ்ச எடத்துக்குக் கட்டுற செல்லைக் கூப்பிட ஒரு புரதம் இருக்கு. ‘போதும், நிப்பாட்டு’ன்னு சொல்லவும் ஒண்ணு இருக்கு. அது பேரு ஸ்க்ளெரோஸ்டின்.”

“ரோஸ்லினா? எவ அவ? ஏங்கையில அவளுக்கு என்ன வேலை?”

மருமகள் சுகுணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் கட்டைப் பார்த்த கொட்டகைத் தோழி அடைக்கலமேரி, “என்னக்கா, ஊருக்கு முந்தியே ஒனக்குக் காப்புக் கட்டிட்டாங்களா!” என்று கேலி பேசினாள்.

கேலிதான். ஆனால் கண்ணாத்தாளுக்கு அது அம்மன் வாக்காகப் பட்டுவிட்டது. காப்புக் கட்டினால் கவிச்சி தொடக்கூடாதல்லவா? முட்டையை விட்டாள், மீனை விட்டாள், கருவாட்டு வாசம் வந்தால் மூக்கை மூடினாள். கையைச் சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, விரலைக்கூட அசைக்காமல் காத்தாள். சுகுணா முட்டை அவித்து நீட்டினால், “காப்புக் கட்டுன கை, அங்கிட்டுத் தள்ளு!” என்றாள்.

மூன்றாம் வாரம் எக்ஸ்ரே படம் எடுத்தபோது டாக்டர் முகம் சுருங்கியது. எலும்பு கூடுகிற அடையாளமே சரியாக இல்லை. விரல்கள் கொழுக்கட்டையாக வீங்கி விறைத்திருந்தன.

“என்னம்மா சாப்பிடுறீங்க?”

“கஞ்சியும் வத்தக்குழம்பும். வெரதம் தம்பி.”

சுகுணா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் தலையில் கை வைத்தார்.

“இது மாவுக்கட்டும்மா, காப்பு இல்ல! எலும்பு வளர முட்டை, மீனு வேணும். கைக்கு வேலையே இல்லைன்னா அந்த ரோஸ்லின் இன்னும் சத்தம் போடுவா. வெரலை ஆட்டுங்க, அடங்குவா.”

“அடி ஆத்தா! அப்ப இம்புட்டு நாளா நாந்தான் அவளுக்கு எடம் குடுத்தேனா?”

அன்றைக்கே இரண்டு முட்டை உள்ளே போனது. எலும்பு அரிப்பை அடக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாரம் ஒன்றாக வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, அரைமணி நேரம் படுக்காமல் வாசலில் நடந்தாள். பார்க்க வராத சொந்தக்காரர் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பேருக்குப் பஞ்சமே வரவில்லை.

ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். படத்தில் ஒடிந்த இடத்தின் மேல் வெள்ளையாக மேகம் படர்ந்திருந்தது.

“கூடிருச்சும்மா. ஆனா புது எலும்பு இன்னும் ஈரச் சிமெண்டு மாதிரி. பாரம் ஆகாது. முதுகெலும்பும் மெலிஞ்சதுதான், தலையில குடம் வேண்டவே வேண்டாம்.”

பஸ்ஸில் கண்ணாத்தாள் வழியெல்லாம் வலது உள்ளங்கையை விரித்து விரித்து அளவு பார்த்துக்கொண்டே வந்தாள். சுகுணா பயந்தே போனாள்.

ஊரில் உண்மையான காப்புக் கட்டிய எட்டு நாளும் முட்டைக்குப் பதில் சுண்டலும் பாலும். மது எடுக்கிற அன்று எல்லாரும் குடத்தோடு நிற்க, கண்ணாத்தாள் உள்ளங்கை அகலச் செம்பு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். விளிம்புவரை நெல். மேலே ஒரு கீற்றுப் பாளை.

“என்னாத்தா, குடம் எங்க?” என்றார் கோயில் பூசாரி.

“நெறையா இருக்கணுங்கிறதுதானய்யா வழக்கம்? எம்புட்டுப் பெருசுன்னு அம்மன் அளந்தா குடுத்தா?”

பூசாரி செம்பை எட்டிப் பார்த்தார். பிறகு திருநீற்றை அள்ளிப் பூசி, “நட” என்றார்.

வலது கையால் செம்பை லேசாகப் பிடித்தபடி கோயில்வரை நடந்தாள். ஒரு நெல் சிந்தவில்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அடைக்கலமேரி ஓரத்திலிருந்து கத்தினாள்: “அக்கா, ரோஸ்லின் என்ன சொல்றா?”

“அவ எங்க பேச! நாந்தான் பேசிக்கிட்டிருக்கேனே!”