டிபன் பாக்ஸில் கீரை

சிலமலை ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விதை போட்டுக் கத்தரி வளர்க்கிறேன். இடம் வீணாக வேண்டாமென்று அதே பாத்தியில் தண்டுக்கீரை விதையையும் தூவியிருந்தேன். கத்தரி பூக்கும் முன்பே குருத்தைப் புழு துளைத்தது. மலைமேல் நான் வேலை செய்யும் ஏலக்காய்த் தோட்டத்தில் மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து ஒரு சாயங்காலம் தெளித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் மலையில் டிபன் பாக்ஸைத் திறந்தால், என் வீட்டுக்காரர் வைத்துவிட்ட கீரைப் பொரியல். உடன் வேலை செய்யும் அக்கா வழக்கம்போல் கை நீட்டினார். பாக்ஸை மூடிவிட்டு, சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறிப் போன் செய்தேன்.

"கீரை எங்க பறிச்சீக? பாப்பா சாப்ட்டாளா?"

"சாப்ட்டுத்தான் பள்ளிக்கூடம் போனா. பக்கத்து வீட்டு மதினி குடுத்த கீரை. நம்ம பாத்தியில நாளைக்குப் பறிக்கலாம்னு இருக்கேன்."

"பறிக்காதீக. மருந்தடிச்சிருக்கேன்."



அன்று மாலையே அந்தக் கீரையைப் பிடுங்கிக் குழியில் புதைத்தேன். இப்போது கீரைக்குத் தனிப் பாத்தி. புழு விழுந்த கத்தரிக் குருத்தைக் கையாலேயே கிள்ளி எடுக்கிறேன். மலையிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவருவது காலி டிபன் பாக்ஸ் மட்டும்தான்.