ஏழாம் பிரதியில் பெருக்கல் குறிகள்

“ஒன்பது பிரதிதான் திரும்பி வந்திருக்கு! ஏழாம் நம்பருக்கு எப்படிக் கணக்கு எழுதினீங்க, கிளெனிஸ்?” பரிசு விழா நடுவே நூலகர் ட்ரெவர் மேசையைத் தட்டினார்.

“பத்து இருந்துச்சு. நான்தானே எண்ணினேன்.”

“ஊர்க்கதைக்குக் கை கால் வைக்கிற மாதிரி இதுக்கும் வச்சிட்டீங்களா?”

“வாயை அடக்கு, ட்ரெவர்!” பக்கத்து வீட்டுக் காலீன் எனக்காகப் பாய்ந்தாள். பாயமாட்டாளா? பரிசே அவளுக்குத்தானே!

நம்பினால் நம்புங்கள். நடந்தது இதுதான். எவர் வீட்டுச் சண்டையையும் விடிவதற்குள் ஊருக்குச் சொல்லிவிடும் நான், இதை மட்டும் பதினொரு வருடம் விழுங்கி வைத்திருந்தேன்.

டாஸ்மேனியாவில் எங்கள் சிற்றூர் நூலகம், சிறுவர் பேய்க் கதைகளுக்குப் பரிசு தரும். தீர்ப்பு பிள்ளைகளுடையது. கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு புத்தகங்களும் தீவு முழுவதும் பத்துப் பிள்ளைகளுக்குப் போகும். பயந்த இடத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. குறி அதிகமான புத்தகத்துக்குப் பரிசு. எண்ணுவது நான்.

காலீன் ஏழு வருடமாகக் கதை எழுதி அனுப்பித் தோற்றவள். அந்த வருடமும் ஹோபார்ட்காரி அனெகா பதினெட்டுக் குறிகள் முந்தியிருந்தாள். அவள் புத்தகத்தின் ஏழாம் பிரதியில் மட்டும் நாற்பத்தொரு குறிகள்.

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை. மாலை 4.50. பின்னறையில் நான் மட்டும். ரப்பரை எடுத்தேன். இருபது குறிகளை அழித்தேன்.

5.05. க்ர்ர்... க்ர்ர்...

பென்சில் சத்தம்.

பக்கத்தைத் திருப்பினேன். அழித்த இடமெல்லாம் குறி. முன்பைவிட அழுத்தமாக...

மறுபடி அழித்தேன்.

5.12. க்ர்ர்...

இம்முறை கடைசிப் பக்கம். வெற்றுத்தாள். அங்கே பயப்பட என்ன இருக்கிறது?

என் நிழல்தான் விழுந்திருந்தது.

குறி... அதன் நெற்றியில்.

இருபத்தொன்று என்று எழுதிவிட்டு ஓடினேன்.

விழாவில் சண்டை முற்றியபோது கதவு திறந்தது. முன்பின் பார்க்காத பெண். கையில் பொட்டலம்.

“இமோஜனோட அம்மா. ஏழாம் நம்பர்... அழைப்பு வந்துச்சு, அதான் நேர்ல வந்தேன். நீங்க ஜூன்ல அனுப்புனது. பிரிக்கவே மனசு வரல. அவ மே மாசமே போயிட்டா.”

ட்ரெவர் ஒட்டுநாடாவை வெட்டினார். உள்ளே இரண்டு புத்தகங்கள். மேலே அனெகாவுடையது. எண் ஏழு. விரித்ததும் மேசையில் உதிர்ந்தது...

ரப்பர் தூள்.

காலீன் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். பரிசை அனெகாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வீட்டை விற்றுப் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தாள். அனெகாவை ட்ரெவர் மணந்துகொண்டார். அந்தக் கல்யாணத்தைப் பற்றிக்கூட நான் யாரிடமும் வம்பளக்கவில்லை.

இமோஜனின் அம்மா பிரிஸ்பேனுக்குத் தங்கையோடு வாழப் போனாள். போகுமுன் என்னிடம் கேட்டாள்: “அந்தக் கதையைப் படிச்சிருந்தா, எந்த இடத்துல பயந்திருப்பா?”

எனக்குத் தெரியும், நாற்பத்தொரு இடமும். சொல்லவில்லை.