எந்த ஊசியை நம்புவது

டெல்மர் ஹாகன் ரிவால்வரின் உருளையைத் திறந்து ஆறு துளைகளையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். மறுபடியும் பார்த்தார். தோட்டா இல்லை என்று மனம் ஒப்பியபின், குழாயை மேல்நோக்கிப் பிடித்து, ரப்பர் முனை அடியில் போகும்படி ஒரு பென்சிலைப் போட்டு விசையை இழுத்தார். பென்சில் துள்ளிப்போய்க் கூரைப்பலகையில் மோதி விழுந்தது. தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி பலமாகக் குத்தினால் பென்சில் உயரப் போகும், அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் பலரும் இப்படிப் பார்ப்பதுண்டு. ஆனால் கூரை முழுக்கப் புள்ளி விழும்வரை பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

மாவட்டச் சாலைத்துறை லாரிகளுக்கு பிரேக் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் எல்லை தாண்டியபின் வண்டியைத் திருப்பி, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க வீட்டுக்கு வருவார். எதைச் சரிசெய்து கொடுத்தாலும், "வேலை செய்யும், செய்யும். செய்யலைன்னா?" என்பார். வாங்க வந்தவர் அங்கேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

ரிவால்வர் அவருடையது அல்ல, மனைவி ஆர்லிஸினுடையது. அந்த அம்மாளுக்கு மலையடிவாரப் பாசனக் கால்வாயில் மதகுகளைத் திறந்து மூடும் வேலை. தனியாகத்தான் போவாள். கோடை முடியும் நேரத்தில் கரையோரக் காட்டுப்பழம் தின்னக் கரடிகள் இறங்கிவரும். ஒருமுறை கரடி துரத்தி, டெல்மர் மதகின் மேல் ஏறி உயிர் தப்பினார். அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் மட்டும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆர்லிஸுக்கு விரல் மூட்டுகளில் வாதம். துப்பாக்கி புதிதாக வந்தபோது இருந்த விசையை அவளால் இழுக்கவே முடியவில்லை. டெல்மர் இளகிய ஸ்ப்ரிங் மாற்றிக் கொடுத்தார். விசை வெண்ணெயாக இழுபட்டது. ஆனால் ஊசியைத் தட்டும் சுத்தியல் மெதுவாக விழுந்தது, தோட்டா சில நேரம் வெடிக்கவில்லை. அதை ஈடுகட்ட, நீளமான ஊசிகளைத் தபாலில் வரவழைத்தார். இருமல் மிட்டாய் டப்பாவில் மூன்று கிடந்தன: கம்பெனி ஊசி, கொஞ்சம் நீளமானது, இன்னும் நீளமானது. கடைசி ஊசி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியையே கிழித்துவிடலாம். கிழித்தால் சூட்டுப்புகை சுடுபவர் முகத்துக்கே திரும்பும். அவள் முகத்துக்கு. அந்த நினைப்பே அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை.

சுடுதளம் நடத்தும் நண்பர் வெண்டல் கேட்டார்: "ஊசிக்கே இவ்வளவு யோசிக்கிறியே, கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் யோசிச்ச?"

"அத அவதான் யோசிச்சா."

நடு ஊசியை மாட்டிச் சுட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. ஆர்லிஸ் இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அவள் போனபின் மேசையைத் துடைக்கும்போதுதான் கடைத் தோட்டாப் பெட்டி திறந்திருப்பதைக் கண்டார். கரடிக்கென்று அவள் வாங்கிவைத்தது. அதிலிருந்துதான் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறாள். இத்தனை நாளும் அவர் சோதித்தது தன் கையால் நிரப்பிய தோட்டாக்களை வைத்து. அவற்றுக்கு மெல்லிய மூடி, தொட்டாலே வெடிக்கும். கடைச்சரக்கின் மூடி தடிமன். பிரேக் பார்த்த மனுஷன் இதைக்கூடவா யோசிக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார். போன் அடித்தார். கால்வாயில் சிக்னல் ஏது? பிக்கப் வண்டியைக் கிளப்பினார், மண்சாலைத் திருப்பம்வரை போனார். அதற்குமேல் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்த மறுத்தது. வெட்கக்கேடு. அங்கேயே எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாயும்போது ஆர்லிஸின் வண்டி எதிரே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு தோட்டாவை நீட்டினாள். அடிமூடியில் ஊசி லேசாகப் பதிந்த தடம், ஊதினால் அழிந்துவிடும்போல.

"மேல் மதகுகிட்ட ஒண்ணு வந்துச்சு. மிரட்டலாம்னு வானத்தப் பாத்து இழுத்தேன். க்ளிக்குன்னுச்சு. மறுபடி இழுத்தேன், அடுத்தது வெடிச்சுது. அது ஓடிருச்சு."

"எவ்வளவு கிட்ட?"

"கேக்காத. ராத்திரி தூங்க மாட்ட. வா, பசிக்குது."

மறுநாள் டெல்மர் மிக நீளமான ஊசியை மாட்டி, வெண்டலின் சுடுதளத்தில் கடைத் தோட்டாவாகவே வாங்கிச் சுட்டுத் தள்ளினார். எல்லாம் வெடித்தன. காலிக் குப்பிகளைப் பொறுக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்து ஒவ்வொரு மூடியாகப் பார்த்தார். கிழிசல் இல்லை.

"இப்பவாவது நிம்மதியா?" என்றார் வெண்டல்.

டெல்மர் குப்பிகளை மறுபடி முதலிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை ஆர்லிஸ் ரிவால்வரைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். மறுபக்கக் கதவு திறந்தது. டெல்மர் ஏறி உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீ எங்க வர்ற? மேல் மதகுக்குப் போறேன், தெரியும்ல?"

"தெரியும்."

கரடி மேல் பீச்சும் மிளகாய்ச்சாற்றுப் புட்டியை இரண்டு கைகளாலும் மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, நேரே சாலையைப் பார்த்தார்.