பொட்டு வச்ச ஸ்க்ரூ

ஜப்பான் வண்டியின் ஸ்டார் ஸ்க்ரூவை உற்றுப் பார்த்தால் தலையின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பெரம்பலூரில் என் பட்டறையில் அதைப் பொட்டு என்போம். பொட்டு இருந்தால் சாதா ஸ்டார் திருப்புளி போடக்கூடாது. அதன் முனை கூர். அழுத்தினால் மேலே ஏறி வழுக்கும், ஸ்க்ரூ தலை மழுங்கிப்போகும். ஜப்பான் திருப்புளிக்கு முனை கொஞ்சம் தட்டை. அடிவரைக்கும் போய் உட்காரும். கடையில் கேட்டால் ரெண்டும் ஒண்ணுதானே என்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளியிடம் சொல்லித்தான் வாங்கினேன்.

தங்கச்சியை விக்கிரமங்கலத்தில் கொடுத்திருந்தோம். மச்சானிடம் பழைய ஜப்பான் வண்டி. தெருமுனையில் அதன் சத்தம் கேட்டாலே தங்கச்சி சொம்பில் தண்ணியோடு வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் நோவில் படுத்ததிலிருந்து அதுவும் நின்றே கிடந்தது. பெட்ரோல் காய்ந்து கார்பரேட்டர் அடைத்துக்கொண்டது. மச்சான் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவர் தம்பி, நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வர்றான் என்றார்.

தங்கச்சி வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

“ஓடுனா அண்ணி வச்சுக்கட்டும். ஓடலன்னா எடத்த அடைச்சுக்கிட்டு எதுக்கு?”

ஊருக்குப் போய், விடிந்ததும் சாமான் பையோடு வந்தேன்.

கார்பரேட்டர் அடியில் நாலு ஸ்க்ரூ. ஒரு தலை போனாலும் அங்கே வைத்துத் திறக்க முடியாது. ரெண்டு திருப்புளியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

“என்னா மச்சான், திருப்புளிக்கும் ஜாதகம் பாக்குறீங்களா?” என்றார் தம்பி.

உள்பக்கத்து ஸ்க்ரூ எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி டார்ச் பிடித்துக் குனிந்திருந்தாள். பட்டறைப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

“பொட்டு இருக்கா பாரு.”

அவள் நிமிர்ந்தாள். கை நெற்றிக்குப் போனது. முந்தின நாள்தான் அழித்திருந்தார்கள். தம்பி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஸ்க்ரூவுலயாண்ணே?”

“ம்.”

குனிந்து பார்த்தாள். “இருக்குண்ணே.”

ஜப்பான் திருப்புளியை வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் திருகினேன். நாலும் வந்தன. அடைப்பை எடுத்து மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். உதைக்க உதைக்கப் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டதும் அவள் விறுவிறுவென்று உள்ளே போய் சொம்பில் தண்ணி கொண்டுவந்தாள். வாசப்படியில் அப்படியே நின்றாள். வண்டியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

“நிறுத்துண்ணே.”

நிறுத்தினேன்.

“இரும்புக்காரனையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. இந்தச் சத்தம் எனக்கு வேணாம்.”

ஓடுற வண்டி. சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.